நயினார் அண்ணாச்சி கொடுத்த மனு

பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சாரல் நன்றாகப் பிடித்திருந்த காலை. போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்ததால் அதைப் பிரிப்பதற்குள் இரண்டு தடவை அடித்து ஓய்ந்துவிட்டது. மூன்றாவது தடவை எடுத்தேன். ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் மகள் செண்பகம்.

“மாமா, அப்பாவோட துப்பாக்கிய எங்கன கொண்டு ஒப்படைக்கணும்? ஸ்டேஷன்லயா, தென்காசியிலயா?”

“எதுக்கும்மா இப்பம்? தேர்தல்தான் முடிஞ்சு போச்சே” என்றேன்.

“அப்பா காலையில போயிட்டாவ மாமா. ‘நான் போனா முத வேலையா ரைட்டர் ஏட்டையாட்ட கேட்டுத் துப்பாக்கிய ஒப்படைச்சிரு, வீட்ல வச்சிருக்காத’ன்னு சொல்லியிருந்தாவ. அதான் ஒங்களுக்கு மொதல்ல போடுதேன்.”

ஈரத் துண்டோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சொந்தபந்தங்களுக்குச் சொல்லும் முன்னால் எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறார். உடம்பு கூடக் குளிர்ந்திருக்காது, அதற்குள் துப்பாக்கியைப் பற்றிய கவலை. அவர் குணமே அதுதான்.

நான் ஓய்வு பெற்ற ஏட்டு. பண்பொழிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்தவன். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டேஷனில் எழுத்து வேலையைப் பார்க்கிற ஏட்டுக்கு அந்தப் பெயர். பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறோம், அதில் அப்பாவைப் பற்றி நீங்கள் நாலு பக்கம் எழுத வேண்டும் என்று செண்பகம் கேட்டபோது, முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

ஏனென்றால், இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அண்ணாச்சியின்மேல் ஒரு குறை உண்டு. கரடி இறங்கிய அந்த வருடம், துப்பாக்கி வேண்டும் என்று கேட்டு ஒரு மனுகூடக் கொடுக்காமல் சும்மா இருந்த மனுஷன், அவர் சோம்பலால்தான் பேச்சியம்மாளுக்குக் கண் போயிற்று என்று. சாவுக்குத் துஷ்டி கேட்கப் போன வீட்டில்கூட என் காதுபட ஒருவர் அதைச் சொன்னார். அது பொய். பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை எரித்தாயிற்று. மிச்சம் இருப்பவன் நான்.

தெரியாதவர்களுக்காக முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறேன். பயிரைக் காக்க அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த ஒற்றைக் குழல் துப்பாக்கி அது. பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அந்தச் சத்தம்தான் அண்ணாச்சியின் மாந்தோப்புக்கும் சுற்றியிருந்த தோட்டங்களுக்கும் காவல். ஆனால் தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். பன்றிக்கும் கரடிக்கும் ஓட்டு இல்லாததால் அவற்றிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. அவசியம் இருப்பவர்கள் விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாம். ஸ்டேஷனில் பரிந்துரை எழுதி அதைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற வேலை ரைட்டருடையது.

மற்றவர்கள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து விறகுக்கட்டையைப் போடுகிற மாதிரி மேசையில் போடுவார்கள். அண்ணாச்சி அப்படி இல்லை. வாசலிலேயே நின்று உறையைக் கழற்றுவார். குழலைத் தரைப் பக்கம் சாய்த்தபடி மடக்கித் திறப்பார். விரலை விட்டுத் தடவுவார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். நான் அந்த ஸ்டேஷனுக்கு வந்த புதிதில், “அதான் நீங்க பாத்துட்டியளே அண்ணாச்சி” என்று ரசீதை எழுத ஆரம்பித்தேன். அவர் கையை மடக்கவில்லை.

“நான் பாத்தத நம்பாதிய ஏட்டையா. நீங்களும் பாருங்க.”

பார்த்தேன். குழலின் அந்தக் கடைசியில் வட்டமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தச் சடங்கு உண்டு. எம்.பி. தேர்தலோ எம்.எல்.ஏ. தேர்தலோ, எனக்குக் குழலுக்குள் பார்த்தால்தான் தேர்தல் வந்ததாகக் கணக்கு.

ஒரு தடவை காலை ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். யாரோ பன்றிக்கு வெடி வைத்திருக்கிறான், பலாச்சுளைக்குள் வெடியை வைத்து வரப்போரம் போட்டிருக்கிறான், ஆளை அனுப்புங்கள் என்றார். கடித்தால் வாயே சிதறிப்போகும் சாமான் அது. வெடி எடுக்கிற ஆட்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து சேரச் சாயங்காலம் நாலு மணி ஆயிற்று. அதுவரை அண்ணாச்சி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சுற்றிக் கயிறு கட்டி, ஆட்டையும் மாட்டையும் ஆளையும் விரட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்று உட்காரவும் இல்லை. நான் பதினோரு மணிக்குப் போய், எட்டி நின்றுகொண்டே, “ஒரு கல்ல எறிஞ்சு வெடிக்க வச்சிட்டா வேல முடிஞ்சுது அண்ணாச்சி” என்றேன்.

“முடியாது. இது ஒண்ணுதான் வச்சானா, ஒம்பது வச்சானான்னு எவன் சொல்லுவான்? அந்தா, தடம் ஓடைப் பக்கம் போவுது பாருங்க.” இன்னும் மூன்றை அவர் காட்டிய இடங்களில்தான் எடுத்தார்கள். போகும்போது சொன்னார்: “துப்பாக்கி பிடிச்சவன் எதுத்தாப்ல நிக்கத நேரே பாக்கணும் ஏட்டையா. வெடி வைக்கவன் வீட்டுல போய்த் தூங்குதான். செத்தது பன்னியா, பசுமாடா, பச்சப் பிள்ளையான்னு அவனுக்குத் தெரியாது.”

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஓட்டுப் போட்டாயிற்று, ஐந்து வருடம்.

தேர்தல் அறிவித்த மறுநாள் ஸ்டேஷனில் துப்பாக்கியோடு வரிசையாக ஆட்கள். எனக்கு ஏற்கெனவே ஆயிரம் எழுத்து வேலை. அண்ணாச்சி உறையை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே, “கொண்டாங்க அண்ணாச்சி, நேரமாவுது” என்று துப்பாக்கியைப் பிடுங்கினேன். அந்த நேரம் பார்த்து டீக்காரர் தூக்குச் சட்டியோடு உள்ளே வந்தார். என் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. குழலை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டி, “ஏ, கையத் தூக்கு” என்றேன். விளையாட்டுக்குத்தான்.

அடுத்த நொடி என் மணிக்கட்டில் அடி விழுந்தது. அண்ணாச்சி ஒரு கையால் குழலைத் தரைக்கு அமுக்கி, மறு கையால் என்னை அடித்திருந்தார். “ஏலே! அது என்ன வெளையாட்டுச் சாமானா?” என்று அவர் போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டரே அறையை விட்டு எட்டிப் பார்த்தார். ஸ்டேஷனுக்குள், சீருடையில் இருக்கிற ஏட்டுக்கு, ஊரார் முன்னால் அடியும் ‘ஏலே’யும். அண்ணாச்சி குழலை மடக்கித் திறந்தார். காலி.

“வெறுங்குழல்தான அண்ணாச்சி? அதுக்கா இந்தப் பாடு?” என்றேன்.

“வெறுங்குழல்னு இப்பம்தான தெரிஞ்சுது?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாயிற்று. ஓரத்தில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதே இடத்தில், அதே மேசைமேல், அண்ணாச்சி முழுத்தாளில் எழுதி லைசென்ஸ் காகிதங்களோடு மடித்திருந்த ஒரு மனுவையும் வைத்தார். ஓடையில் கரடித் தடம் தெரிகிறது, மாங்காய் பழுக்கிற பருவம் வந்தால் கீழே இறங்கும், சத்தம் கொடுக்காவிட்டால் விலகாது, ஆகவே துப்பாக்கியை வைத்துக்கொள்ள விலக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார். இன்னொரு வரியும் அதில் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் வெளியே போனதும் மனுவை மேசை டிராயரில் போட்டு, அதன்மேல் என் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன். மறந்துபோய்விட்டது என்று இன்றைக்குச் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். மறதி இல்லை. நாலு நாள் கிடக்கட்டும், நடந்து நடந்து கெஞ்சட்டும் என்றுதான் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார். “மனு போயிட்டா ஏட்டையா?” நாளைக்குப் போகும் என்றேன். துப்பாக்கி இல்லாத நாட்களில் ஒரு மூங்கில் கம்பில் துப்பாக்கியின் தோல்வாரைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டுதான் தோப்பைச் சுற்றி வந்தார். “துப்பாக்கி ஒங்ககிட்ட இருக்கு. வாராவது எங்கிட்ட கெடக்கட்டும். கொரங்குப் பயலுவளுக்கு வித்தியாசம் தெரியாது” என்று சிரித்தார். குரங்குகள் உண்மையிலேயே ஓடின. கரடிக்குக் கண் பார்வை மட்டு. அது எந்தக் கம்பைப் பார்த்து ஓடும்?

அதற்கடுத்த வாரம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. கரடி இரண்டு நாளாகத் தோப்புக்குள்ளேயே வந்து கறையான் புற்றைத் தோண்டிவிட்டுப் போகிறது, தகரத்தைத் தட்டினால் உறுமுகிறதே தவிர நகரவில்லை, வனத்துறைக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்றார்.

“மனு என்னாச்சு ஏட்டையா?”

“போயிருக்கு அண்ணாச்சி. பதில் வரும்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி ஏட்டையா” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பார்வை என்ன பார்வை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் கல் இல்லை. அன்றிலிருந்து உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. டிராயரைத் திறந்து மனுவை எடுத்தேன். அனுப்ப வேண்டிய கடைசி நாள் கடந்திருந்தது. இனி அனுப்பினால் ஏன் இத்தனை நாள் தாமதம் என்று கேள்வி வரும். மேலிடத்தில் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு அவர் தோப்புக்குப் போனேன். ஒரு பொய்யை மூட இன்னொன்று.

மணி ஆறரை இருக்கும். ஓடைக்கு இந்தப் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வரப்பில் ஏறினேன். அப்போதுதான் அலறல் கேட்டது. ஒரு பெண்ணின் குரல். அதற்குமேல் கட்டையை அறுக்கிற மாதிரி ஓர் உறுமல்.

பக்கத்துத் தோட்டத்துப் பேச்சியம்மாள் வாய்க்கால் மடைக்குப் பக்கத்தில் கிடந்தாள். தண்ணீர் திருப்ப வந்தவள். அவள்மேல் கரடி. எனக்கும் அதற்கும் இருபது அடி இருந்தால் அதிகம். ஓடவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். கால் வந்தால்தானே ஓடுவதற்கு? பக்கத்திலிருந்த மாமரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். காக்கிச் சட்டை, பெல்ட், தொப்பி எல்லாவற்றோடும்.

அண்ணாச்சி மேட்டிலிருந்து இறங்கி வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். ஒரு கையில் இரும்பு வாளி, மறு கையில் அந்த மூங்கில் கம்பு. வாளியைத் தட்டிக்கொண்டே, மாட்டை அதட்டுகிற குரலில், “ஏய், இங்கன பாரு, இங்கன பாரு” என்று சொல்லிக்கொண்டே நேராக வந்தார். குரலை மாற்றாமலே இடையில், “பேச்சி, அசையாத. குப்புறக் கெட. கழுத்த கையால மூடிக்கோ” என்றார். அவள் திரும்பிக் குப்புறப் படுத்ததைப் பார்த்தேன்.

கரடி தலையைத் தூக்கியது. மூக்கெல்லாம் ரத்தம். வாளிச் சத்தம் நிற்கவில்லை. அது பேச்சியம்மாளை விட்டுவிட்டுப் பின்னங்காலில் எழுந்து நின்றது. அண்ணாச்சிக்கும் அதற்கும் நடுவே பத்து எட்டுகூட இல்லை. அவர் வாளியை மெதுவாகக் கீழே வைத்து, கம்பை வாரால் தோளில் மாட்டினார். கண்ணை அதன்மேலிருந்து எடுக்காமலே இடுப்பு வேட்டியை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். கரடி நாலு காலில் இறங்கிப் பாய்ந்தது. அவர் வேட்டியை அதன் முகத்தின்மேல் வீசிவிட்டு ஓர் எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தார். அவ்வளவுதான் செய்தார். ஓடவில்லை. கரடி வேட்டியைக் கவ்விக்கொண்டு அதோடு மல்லுக்கு நின்றது. கடித்தது, கிழித்தது, காலால் மிதித்து இழுத்தது. அவர் வெறும் டிராயரோடு, தோளில் கிடந்த கம்பைப் பிடித்தபடி, மூன்று முழத் தூரத்தில் மரம் மாதிரி நின்றார். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு அது கிழிந்த துணியை இழுத்துக்கொண்டே ஓடைக்குள் இறங்கி மலைப் பக்கம் போயிற்று.

துணி மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தார். “ஏட்டையா, மரத்த விட்டு வாங்க. இவள ஒரு பக்கம் தூக்கணும்.”

நான் அங்கே இருந்தது அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த டெம்போவை மறித்து, கத்திரிக்காய் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கி, பேச்சியம்மாளைத் தென்காசிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தாள். வலது கண் போய்விட்டது.

மூன்றாம் நாள் மறியல். துப்பாக்கியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு எங்களைக் கரடிக்குத் தின்னக் கொடுக்கிறீர்களா என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. விசாரணைக்கு டி.எஸ்.பி. வந்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு என் மேசைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். வாக்குமூலத்தை எழுதியவன் நான்.

“விலக்குக் கேட்டு மனு ஏதாவது கொடுத்தீங்களா?” என்றார் டி.எஸ்.பி.

மனு என் முழங்காலுக்கு நேரே, டிராயருக்குள் இருந்தது. நடுவில் ஒரு பலகைதான். ‘கொடுத்தேன்’ என்று அவர் சொன்னால் போதும். டிராயரை இழுத்துப் பார்ப்பார்கள். வேலை போகும், பென்ஷன் போகும், அதற்குமேல் வழக்கு. மூத்த மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் செய்திருந்தேன். பேனா தாளில் நின்ற இடத்திலேயே மை ஊறிப் பொட்டாகிவிட்டது. அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. டி.எஸ்.பி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுக்கல.”

“ஏன்?”

“தோணல ஐயா.”

“எழுதுங்க ரைட்டர்.”

எழுதினேன். ‘மனு ஏதும் கொடுக்கவில்லை.’ எனக்கு நல்ல கையெழுத்து என்று பெயர். அன்றைக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. அதன் கீழே அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். வெளியே காத்திருந்த கூட்டத்துக்கு விஷயம் போய்ச் சேரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறியல் கலைந்தது. கோபம் எல்லாம் அவர்மேல் திரும்பிவிட்டது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். “அண்ணாச்சி, என்ன மன்னிச்சிருங்க” என்றேன். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

“ரெண்டாவது தடவ ஒங்ககிட்ட வாறதுக்கு முந்தியே தென்காசிக்குப் பஸ் ஏறிப் போயி கலெக்டர் ஆபீசுல பாத்துட்டுத்தான் வந்தேன். மனு அங்கன வரவே இல்லன்னாவ. ஒங்க வாயால சொல்லுதியளான்னு பாக்கத்தான் கேட்டேன். போயிருக்குன்னிய. அப்பமே சத்தம் போட்டிருக்கணும். இல்ல, இன்னொண்ணு எழுதி நேரே குடுத்திருக்கணும். வீம்புல வந்துட்டேன். பொய் சொன்னவன் தானா வந்து நிக்கட்டும்னு இருந்துட்டேன். ஒங்களுக்கு ஒரு கோவம், எனக்கு ஒரு வீம்பு. நடுவுல பேச்சி கண்ணு போச்சு.”

“அதுக்காக நீங்க ஏன் அண்ணாச்சி குடுக்கலன்னு சொல்லணும்?”

“எம் பங்குக்கு நான் வாங்கிக்கிட்டேன். ஒங்க பங்க, நீங்களாச் சொல்லுத அன்னைக்குச் சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன்.”

கேட்கவே இல்லை. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. டீக்கடையில் அவர் காதுபடவே, “மனுக் குடுக்கச் சோம்பேறித்தனம், துப்பாக்கி மட்டும் எதுக்கு?” என்று பேசினார்கள். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவார். நான் அதே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றிருக்கிறேன். மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன், முடிந்தது. ரிடையர் ஆகட்டும் என்றேன், அதுவும் ஆயிற்று. கடைசி நாள் டிராயரைக் காலி செய்தபோது மனுவை எடுத்துக்கொண்டு வந்து பீரோவில் வைத்தேன். கிழிக்கவும் கை வரவில்லை, காட்டவும் வாய் வரவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது, ஊரைக் கூட்டிச் சொல்கிறேன் அண்ணாச்சி என்று அவரிடமே சொல்லிவிடுவது என்று மனுவைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். மெலிந்துபோயிருந்தார். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கி வந்த துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழலை மடக்கித் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். “வெறுங்குழல்தான் அண்ணாச்சி” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. பை என் மடியில் இருந்தது. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். மழை வரவில்லை.

செண்பகமும் நானும் துப்பாக்கியை ஒப்படைக்க ஸ்டேஷனுக்குப் போனோம். இப்போது அங்கே இருக்கிற ரைட்டர் என்னைத் தெரிந்தவர் என்பதால் எழுந்து நின்று, “குடுங்கம்மா” என்று கை நீட்டினார். செண்பகம் கொடுக்கவில்லை. வாசலில் நின்று உறையைக் கழற்றினாள். குழலைத் தரைப் பக்கம் சாய்த்து மடக்கித் திறந்து, விரல் விட்டுத் தடவி, உள்ளே பார்த்துவிட்டு, “நீங்களும் பாருங்க சார்” என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ரோட்டுக்கு வந்து அழுதேன்.

அன்று வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய், செண்பகத்தையும் வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் “அந்த மனுவக் குடுங்க” என்று மட்டும் கேட்டாள்.

தாளை இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். நான் சொல்லாமல் விட்ட வரி அங்கேதான் இருக்கிறது. ‘பக்கத்துத் தோட்டம் பேச்சியம்மாள் தினமும் விடியற்காலையில் தண்ணீர் திருப்பத் தனியாக வருவதால், அவளுக்கு ஆபத்து நேரும் என்று அஞ்சுகிறேன்.’

தன் பெயரை விரலால் தொட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அண்ணாச்சி வீட்டுப் படிய நான் அஞ்சு வருசமா மிதிக்கல ஏட்டையா. துட்டிக்கும் போவல.”

செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கையைக் கொடுக்க அங்கே யாரும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. காவல்துறைக்கும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று என்ன மிச்சம் என்று கேட்டால், மணிக்கட்டில் விழுந்த அந்த அடியைச் சொல்வேன். அது இப்போதும் வலிக்கட்டும். அவர் மனு கொடுத்தார், அனுப்பாதவன் நான். மனுவை அடுத்த பக்கத்தில் அப்படியே அச்சிடச் சொல்லியிருக்கிறேன். மேலே இடது ஓரத்தில், பெற்றுக்கொண்டதற்கு நான் போட்ட சின்னக் கையெழுத்தும் தேதியும் இருக்கும். நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களும் பாருங்கள்.